சுகப்பிரியா டீ குடிக்கப் போன நாள்

சுகப்பிரியாவுக்கு டீ என்றால் உயிர். ஆனால் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியும் கம்பெனி டீ எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மற்றவர்கள் எல்லாரும் டீ குடிக்கப் போகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவளுக்கு வேலையே. இதெல்லாம் ஒரு குறையா, உலகத்தில் இதைவிடப் பெரிய கஷ்டம் எத்தனையோ இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் டீ குடித்துவிட்டு வந்து சொல்கிறவர்கள்தான்.

வல்லம் வடகாலில், கார்களுக்கு சீட் செய்து அனுப்புகிற தொழிற்சாலை அது. நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிற கார் கம்பெனியில் எந்த வரிசையில் கார் வருகிறதோ, அதே வரிசையில் இங்கிருந்து சீட் போக வேண்டும். கறுப்பு சீட்டுக்கு அடுத்தது பழுப்பு என்றால் பழுப்புதான் லாரியில் ஏற வேண்டும். ஒன்று மாறினாலும் அங்கே உற்பத்தி லைன் நிற்கும். அங்கே லைன் நின்றால் இங்கே மேனேஜர்களின் முகம் வெளுத்துவிடும்.

எந்த சீட்டுக்கு எந்தத் துணி, எந்த அளவு நுரை, எந்தக் கம்பி என்பதை மிஷின்களுக்கு எடுத்துச் சொல்வது சர்வர்கள். மூன்று ஷெட்டுகளிலும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு சர்வர்கள், பீரோ மாதிரி இரும்புப் பெட்டிகளுக்குள், மிஷின்களுக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஒவ்வொரு தடவையும் பெரிய பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தால் நேரமாகும் என்பதால், பட்டியலின் நகல் ஒன்றை சர்வர் தன் நினைவிலேயே வைத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் கேஷ். வசதியான ஏற்பாடுதான். ஆனால் கார் கம்பெனிக்காரர்கள் தினமும் எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பட்டியல் மாறினாலும் சர்வர் பிடிவாதமாகப் பழைய நகலையே பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும். மிஷினுக்குக் கட்டளை அனுப்புகிற சர்வீஸை நிறுத்தி, கேஷைத் துடைத்து, திரும்ப சர்வீஸைப் போட்டால்தான் அதற்குப் புத்தி வரும்.

லைன் ஓடும்போது இதைச் செய்ய முடியாது. ஆகவே டீ மணி அடித்ததும் ஊழியர்கள் கேன்டீன் பக்கம் போவார்கள், சுகப்பிரியா எதிர்ப்பக்கம் போவாள். அதுவும் ஒரு சுற்று இல்லை, இரண்டு சுற்று. ஒரு சர்வரைத் துடைத்துவிட்டு உடனே போட்டால், இன்னும் துடைக்காத சர்வர் அதற்குப் பழைய நகலை ஊட்டிவிடும். அதனால் முதல் சுற்றில் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தித் துடைக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் அதே வரிசையில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். நிறுத்தியதும் மிஷினின் பேனலில் பச்சை விளக்கு அணையும். போட்டதும் எரியும். அசெம்பிளி ஷெட்டில் ஆரம்பித்து, தையல் ஷெட்டைத் தாண்டி, கடைசியாக ஃபோம் ஷெட்டில் போய் முடியும். முடிந்து திரும்பும்போது கேன்டீனில் டீ டிரம்மைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

கழுகுமலைப் பக்கத்திலிருந்து டிப்ளமோவை முடித்துவிட்டு வந்தவள் சுகப்பிரியா. ஸ்ரீபெரும்புதூரில் பெண்கள் விடுதியில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வந்துபோனாள். சிஸ்டம் டிபார்ட்மென்ட் என்பது மேனேஜர் இராமச்சந்திரனும் அவளும்தான். இராமச்சந்திரனுக்கு மீட்டிங் இருக்கும். மற்றதெல்லாம் அவளுக்கு இருக்கும்.

நடப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது தங்கமாரி.

அவன் ஃபோம் ஷெட்டில் பராமரிப்பு ஃபிட்டர். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், அதாவது கிட்டத்தட்ட இவள் ஊர்ப்பக்கம். அந்த ஒரு உரிமை போதாதா? ஃபோம் ஷெட்டின் பெரிய அச்சு மிஷினுக்குப் பக்கத்தில் அவள் வந்து பெட்டியைத் திறந்தால் போதும், பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

“மேடம் வந்துட்டீகளா?”

அவள் பதில் சொல்ல மாட்டாள். சர்வீஸை நிறுத்திவிட்டுப் போய்விடுவாள். இரண்டாவது சுற்றில் திரும்ப வந்து நின்றால் அதே குரல், அதே கேள்வி. இந்தத் தடவை ஆளும் வருவான். தலை, மீசையெல்லாம் நுரைத்தூள் படிந்து, மிஷினைச் சுற்றிக்கொண்டு வந்து பல்லைக் காட்டுவான். “நா வாரேன் மேடம். நீங்க போட்டுக்கோங்க.” போட்டுக்கொள்ள இவன் யார் உத்தரவு கொடுக்க? எல்லாரும் டீக்குப் போயிருக்கும்போது இவன் மட்டும் ஏன் இங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று யோசிக்க அவளுக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை. விடுதியில் ரூம் தோழி முத்துச்செல்வியிடம் சொன்னாள். முத்துச்செல்வி சிரித்து உருண்டாள். “ஒனக்காகத்தான் டீயே குடிக்காம நிக்கான் பாவம்” என்றாள். சுகப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் பார்க்க மோசமில்லை என்பது வேறு விஷயம், அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆக, நடக்காமலே இந்த வேலையை முடிக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டர் தானே செய்துகொள்கிற மாதிரி வரிசையான கட்டளைகள், எழுத வேண்டும் என்று அவள் கிளம்பியதற்கு டீ பாதிக் காரணம், தங்கமாரி மீதிக் காரணம்.

இராமச்சந்திரனிடம் கேட்டபோது அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். “பண்ணும்மா. நல்ல விஷயம்தான். லைன் மட்டும் நிக்கக் கூடாது.”

மழை பிடித்த மாதங்களில் ஆரம்பித்தாள். 2014-ஆம் வருஷத்து ஐப்பசி. தலைமை சர்வர் அறையில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்ற எல்லா சர்வர்களுக்கும் கட்டளை போக வேண்டும். முதலில் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்து, துடை. எல்லாம் துடைத்தாகிவிட்டதா என்று பார். பிறகு அதே வரிசையில் ஒவ்வொன்றாகப் போடு. தன் கால்கள் இரண்டு வருஷமாகப் போட்ட பாதையை அப்படியே எழுத்தில் இறக்கினாள். ஒன்று பதில் சொல்லாவிட்டால் மூன்று முறை திரும்பக் கேள். யாராவது தெரியாமல் கம்ப்யூட்டர் திரையில் அதன் ஜன்னலை மூடிவிட்டால்கூட வேலை பாதியில் நிற்காமல் ஓடு. இப்படி ஒவ்வொரு ஓட்டையாகத் தேடித் தேடி அடைத்தாள். அவள் எழுதியதிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசி ஏற்பாடுதான். யாராலும் கெடுக்க முடியாத ஸ்கிரிப்ட் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் ஆளே இல்லாதபோது ஓட்டிப் பார்த்தாள். விளக்குகள் வரிசையாக அணைந்தன, வரிசையாக எரிந்தன. இரண்டு சுற்று நடந்தால் ஆகிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. இராமச்சந்திரன் கைதட்டினார். ஆளே இல்லாத நாளில் பார்த்த சோதனை அது என்பது அவருக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை டீ மணி அடித்தது. சுகப்பிரியா சர்வர் அறையில் ஒரே ஒரு பட்டனைத் தட்டினாள். திரையில் முதல் வரி ஓடியது. நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளினாள், துப்பட்டாவைச் சரிசெய்தாள், கேன்டீனுக்கு நடந்தாள்.

கேன்டீன் பையன்கள் அவளைப் பார்த்து அதிசயப்பட்டார்கள். டம்ளர் சூடாக இருந்தது. டீ அப்படியொன்றும் பிரமாதமில்லை, சர்க்கரை தூக்கலாக, இஞ்சி தட்டிப் போட்டது. ஆனாலும் முதல் வாயைக் குடித்தபோது அவளுக்குக் கண் கலங்கியது உண்மை. ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். எல்லாரையும்போல் தானும் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் லீலா வந்தாள். அசெம்பிளி ஷெட்டில், சீட் துணியின் சுருக்கத்தை நீராவி அடித்து எடுக்கிற மிஷினில் வேலை செய்கிறவள். உள்ளூர்க்காரி. இந்த ஷெட் நிற்கிற இடத்தில் அவள் மாமனார் நெல் போட்டிருந்தார் என்று பேச்சுவாக்கில் சொல்வாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். வேகமாக வந்தவள் சுகப்பிரியாவின் முன்னால் நின்று, இடுப்பில் கைவைத்தாள்.

“இன்னாடி இது? மிஷின் லைட்டெல்லாம் அணைஞ்சி கீது, நீ இங்க ஜாலியா டீ குட்ச்சினு கீற?”

“இனிமே தெனமும் இப்படித்தான்க்கா. நான் நடக்கவே வேணாம். எல்லாம் அதுவே நின்னு, அதுவே தொடைச்சிக்கும்.”

“சரி, நின்னுச்சி. திரும்ப யாரு போடுவா?”

“அதுவே போட்டுக்கும்.”

லீலாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. “யாரும் வந்து நிக்க மாட்டீங்களா?”

“எதுக்கு நிக்கணும்?”

லீலா அவள் தோளை இறுகப் பிடித்தாள்.

“அடிப்பாவி. மாரி உள்ள பூந்துனு கீறான்டி. ஃபோம் மிஷின் உள்ள. நீ முத தபா வந்து அணைச்சா பூந்துடுவான், ரெண்டாந் தபா வந்து நின்னா வெளிய வருவான். உனுக்குத் தெரியாதா?”

தெரியாது. ஆபீஸ் பக்கத்து ஆளிடம் லைன் ரகசியத்தைச் சொல்லக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அச்சு மிஷினில் ஒரு பெரிய கிண்ணம், அதன் மேல் ஒரு கனமான இரும்பு மூடி. திரவத்தை ஊற்றி மூடினால் உள்ளே நுரை பொங்கி சீட் வடிவத்துக்கு வரும். ஓரத்தில் பிசிறு ஒட்டிக்கொண்டு காயும். அதைச் சுரண்டாவிட்டால் அடுத்த சீட் கோணலாகும், கோணலானால் ஃபிட்டரைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். சுரண்டுவதற்கு நேரம் கொடுங்கள் என்றால் கொடுக்க மாட்டார்கள். மிஷினுக்குள் போகிற கம்பிக்கதவைத் திறந்தால் மிஷின் செத்துவிடும், திரும்ப உயிர் கொடுக்க அரை மணி ஆகும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கதவை மூடும்போது பூட்டில் போய்ச் சொருகிக்கொள்கிற சாவிக்குப் பதிலாக ஒரு திருட்டுச் சாவி. அதைச் சொருகிவிட்டால் கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக மிஷின் நம்பிவிடும். அப்புறம் மிஷினுக்குள் போகிறவனுக்கு இருக்கிற ஒரே காவல், சர்வீஸ் நின்றிருக்கிறது என்பதுதான். சர்வீஸை நிறுத்துவதும் போடுவதும் ஒரே ஆள், அந்த ஆள் நடந்து வருவாள், நடந்து போவாள். இரண்டாவது தடவை அவள் வந்து நிற்கும்வரை மிஷின் அசையாது. தங்கமாரி தன் உயிரை அந்த நடைமேல் வைத்திருந்தான்.

சர்வீஸ் திரும்ப ஓட ஆரம்பித்ததும் மிஷின் முதலில் செய்கிற காரியம் என்ன என்று சுகப்பிரியாவுக்கு நன்றாகத் தெரியும். மூடியை ஒரு முறை இறக்கிப் பார்க்கும்.

டம்ளர் எங்கே விழுந்தது என்று அவள் கவனிக்கவில்லை. கைப்பேசிகள் எல்லாம் கேட்டில் செக்யூரிட்டியிடம் இருந்தன. கேன்டீன் சுவரில் ஒரு போன் உண்டு. “ஃபோம் ஷெட்டுக்குப் போடுங்கக்கா!” என்று கத்தினாள். லீலா ரிசீவரை எடுத்துவிட்டாள். ஆனால் டீ நேரத்தில் அங்கே யார் இருந்து எடுப்பது? ஒருவன்தான் இருக்கிறான், அவன் மிஷினுக்குள் இருக்கிறான்.

வாசலில் ஒரு கணம் நின்றாள். வலது பக்கம் போனால் சர்வர் அறை. ஆபீஸ் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, கார்டு காட்டித் திறக்கிற இரண்டு கதவுகளைத் தாண்டி, மாடி ஏறி. அங்கே போய் ஸ்கிரிப்டை நிறுத்தலாம். நிறுத்த முடியுமா? ஜன்னலை மூடினாலும் நிற்காமல் ஓடு என்று எழுதிவைத்த புண்ணியவதி அவள்தானே. இடது பக்கம் போனால் ஷெட்டுகள். அவள் இடது பக்கம் ஓடினாள்.

ஷெட்டுக்குள் மஞ்சள் கோட்டுக்குள்தான் நடக்க வேண்டும், ஓடக் கூடாது. பாதுகாப்பு பூட்ஸ் காலுக்கு ஒரு கிலோ கனக்கும். அசெம்பிளி ஷெட்டின் வாசலில் செக்யூரிட்டி ஒருவர், “மேடம், ஓடாதீங்க! மேடம்!” என்று பின்னாலேயே கத்தினார். அவள் திரும்பவில்லை. ஷெட் இருட்டாக, வெறிச்சென்று இருந்தது. லீலாவின் மிஷின் கம்பிக்கதவு பாதி திறந்து கிடந்ததைத் தாண்டி ஓடினாள்.

அவள் தாண்டிய பின்னால் டக் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். அசெம்பிளியின் முதல் பேனலில் பச்சை விளக்கு எரிந்தது.

துடைத்து முடிந்துவிட்டது. போட ஆரம்பித்துவிட்டது.

அந்த வரிசை அவளுக்கு மனப்பாடம். அசெம்பிளி முடிந்து தையல், தையல் முடிந்து ஃபோம். அவள் ஓட ஓட ஸ்கிரிப்டும் கூடவே வந்தது. இரண்டாவது விளக்கு எரிந்தபோது அவள் அதன் நேர் எதிரில் இருந்தாள். மூன்றாவது விளக்கு அவளுக்கு முன்னால் எரிந்தது. ஐயோ என்று வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே ஓடினாள். தையல் ஷெட்டுக்கும் அசெம்பிளிக்கும் நடுவில் லாரி நிற்கிற இடத்தில் தரை மழையில் நனைந்து கிடந்தது. வழுக்கி முழங்காலில் விழுந்தாள். எழுந்தாள். ஒரு சர்வரும் இன்றைக்கு மக்கர் செய்யவில்லை. மற்ற நாளில் ஒன்றாவது முரண்டு பிடிக்கும், அவள் நாலு தடவை தட்டி எழுப்புவாள். இன்றைக்கு அவள் எழுதிய ஸ்கிரிப்ட் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

தையல் ஷெட்டின் கடைசி விளக்கு எரிந்தபோது அவள் ஃபோம் ஷெட்டின் பிளாஸ்டிக் திரையைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

“தங்கமாரி! வெளிய வாங்க! தங்கமாரி!”

மேலே புகை இழுக்கிற ஃபேன்கள் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அச்சு மிஷினின் பக்கவாட்டில் கதவு திறந்திருந்தது. பூட்டில் ஒரு சாவி தொங்கியது. அதை அவள் இத்தனை நாளில் பார்த்ததே இல்லை. சர்வர் பெட்டி அந்தப் பக்கத்தை முழுக்க மறைத்துக்கொண்டிருந்தது. அவன் பக்கமிருந்து பார்த்தாலும் இதே கதைதான். அவள் முகம் தெரியாது, பேனலின் மேலிருக்கிற விளக்கு மட்டும் தெரியும்.

அந்த விளக்கு பச்சையாக எரிந்தது.

மிஷின் ஒரு பெருமூச்சு விட்டது. காற்றுக்குழாய் விறைத்தது. மூடி அசைந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். பேனலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அடித்தால் இந்த மிஷின் மட்டுமல்ல, மொத்த லைனும் நிற்கும், விசாரணை வரும், அதனால் யாரும் அதன் பக்கம் போக மாட்டார்கள். சுகப்பிரியா அதன்மேல் போய் விழுந்தாள். கையால் அடித்தாளா தோளால் அடித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூடி நின்றது. ஃபேன்கள் நின்றன. ஷெட்டில் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதில்லை.

“தங்கமாரி?”

அவள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனாள். கிண்ணத்துக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு ஆள் மல்லாந்து படுக்கிற அளவு இடைவெளி. அந்த இடைவெளியில், கையில் சுரண்டியோடு, மூக்குக்கு மேலே இரும்பைப் பார்த்தபடி அவன் கிடந்தான். கண் மட்டும் அசைந்தது.

பிறகு பக்கவாட்டில் புழுப்போல நெளிந்து, தலையை முதலில் எடுத்து, தோளை எடுத்து, வெளியே விழுந்தான். தொப்பி உள்ளேயே தங்கிவிட்டது. எழுந்து நிற்கப் பார்த்தான், முடியவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் இளிப்பு இல்லை. கோபம் இருந்தது. சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரிக் கோபம்.

“ஏன் மேடம் வராமப் போட்டீக?”

அவள் கையை நீட்டினாள். அவன் பிடிக்கவில்லை.

“ரெண்டாவது தடவ வருவீகள்ல. தெனமும் வருவீகள்ல. வந்துட்டீகளான்னு கேப்பேன்ல. நீங்க வாராம மிஷின் ஓடாதுன்னுதானே நா உள்ள போறேன்.” முகத்திலிருந்த நுரைத்தூளைத் துடைத்தான். “நீங்க இருக்கீகன்னு நம்பித்தான் மேடம் போறேன்.”

இரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு ஒரு நாளாவது அவள் பதில் சொல்லியிருக்கிறாளா? தன் முகத்தைப் பார்க்கத்தான் வருகிறான் என்று நினைத்து எவ்வளவு கர்வமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்! அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முழங்காலிலிருந்து ரத்தம் வழிவது தெரியாமல், விம்மி விம்மி அழுதாள். பின்னாலேயே ஓடிவந்த லீலா இருவர் தலையிலும் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஃபோம் ஷெட் சூப்பர்வைசர் தசரதன் முதலில் பார்த்தது ஆளையல்ல, கதவில் தொங்கிய சாவியை. அதை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொள்ள அவர் கை போனது. லீலா அவரைப் பார்த்தாள். கை நின்றுவிட்டது.

கார் கம்பெனியிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. மத்தியானம் பிளான்ட் தலைவரின் அறையில் எல்லாரையும் நிற்க வைத்தார்கள். இராமச்சந்திரன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எமர்ஜென்சிய அடிச்சது யாரு?”

“நான்தான் சார்” என்றாள் சுகப்பிரியா.

“ஆள் உள்ள இருக்கும்போது மிஷினப் போட்டது யாரு?”

தசரதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சர்வர் தானாகப் போட்டுக்கொண்டது, சிஸ்டத்தில் கோளாறு என்று இராமச்சந்திரனும் ஆரம்பித்தார். இருவருக்கும் அது வசதியான பதில்.

“கோளாறு இல்ல சார். நான்தான் போட்டேன்” என்றாள் அவள்.

“நீ எங்க இருந்த?”

“கேன்டீன்ல. டீ குடிச்சிக்கிட்டிருந்தேன்.”

தங்கமாரி மெதுவாகச் சொன்னான். “சாவி என்னோடது சார். மேடத்துக்கு அது தெரியாது.”

இருவரையும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அனுப்பவில்லை. கருணை என்று யாரும் ஏமாற வேண்டாம். அனுப்பினால் ஏன் அனுப்பினீர்கள் என்று வெளியே கேள்வி வரும், கேள்வி வந்தால் சாவி வெளியே வரும். அதனால் ஆளுக்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள். சுரண்டுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்கினார்கள். உள்ளே போகிறவன் மிஷினின் மின்சார சுவிட்சை அணைத்து அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று விதி வந்தது. அப்புறம் ஒரு அறிவிப்பு. திருட்டுச் சாவி வைத்திருப்பவர்கள் ஷெட் வாசலில் வைத்திருக்கிற பெட்டியில் போட்டுவிடலாம், பெயர் கேட்க மாட்டோம்.

மறுநாள், பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் வேலையை சுகப்பிரியாவுக்குக் கொடுத்தார்கள். தண்டனை மாதிரிதான். ஒரு சாவி விழும், ஃபோம் ஷெட்டில் இன்னொருவன் வைத்திருந்தால் இரண்டு விழும் என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.

முதலில் தங்கமாரி வந்து போட்டான். இன்னொன்று கூடத் தன்னிடம் இருந்தது என்று தலையைச் சொறிந்தான். அதற்குப் பிறகு தையல் ஷெட்டிலிருந்து ஒருவர் வந்தார். பிறகு ஒரு பெண். பிறகு அவளுக்கு முகம் மட்டுமே பழக்கமான இரண்டு பேர். அசெம்பிளியிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். இரும்பின்மேல் இரும்பு விழுகிற சத்தம் ஒவ்வொன்றும் அவள் நெஞ்சில் விழுந்தது. ஒரு ஃபோம் மிஷின் மட்டும் இல்லை. அவள் நடந்த வழியெல்லாம் ஆட்கள் உள்ளே இருந்திருக்கிறார்கள். அவள் முதல் சுற்று போனதும் புகுந்து, இரண்டாவது சுற்று வருவதைப் பார்த்து வெளியே வந்திருக்கிறார்கள்.

தாங்க முடியாமல் ஒருவரைக் கேட்டுவிட்டாள். “அண்ணே, நேத்து டீ டைம்ல நீங்க எங்க இருந்தீங்க?”

“நேத்து நான் லீவும்மா.”

அந்தப் பெண்ணைக் கேட்டாள். நேற்று அவளுக்கு வயிற்றுவலி, மணி அடித்ததும் ஓய்வு அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். இன்னொருவர் புது பைக் எடுத்ததற்கு நண்பர்களுக்கு வடை வாங்கிக் கொடுக்க கேன்டீனுக்குப் போயிருந்தார். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல சுகப்பிரியா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியாக லீலா வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, தேய்ந்து பளபளத்த ஒரு சாவியை எடுத்தாள்.

“அக்கா, நீங்களுமா?”

“துணியப் புடிக்கிற கிளிப்பு கீழ விழுந்துடும்டி. கணக்குல கொறஞ்சா சூப்பர்வைசர் கத்துவாரு. உள்ள பூந்து பொறுக்கினு வந்துடுவேன்.” சாவியைப் போடாமல் கையிலேயே வைத்து உருட்டினாள். “நேத்தும் பூரத்தான் கதவ தொறந்தேன். லைட்டு அணைஞ்சிச்சி. ஒரு கால உள்ள வெச்சிட்டேன். அப்பால பாத்தா நீ கேன்டீன் பக்கமா நடந்து போயினு கீற. இன்னாடா இது, இவ வராம எப்டி அணைஞ்சிச்சின்னு தோணுச்சி. உன்னக் கேட்டுட்டு வந்து பூந்துக்கலாம்னு கால வெளிய எடுத்துட்டேன்.”

சுகப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். லீலாவின் மிஷின் அசெம்பிளியில் முதலாவது. அந்தப் பாதி திறந்த கதவைத் தாண்டித்தான் அவள் நேற்று ஓடினாள். தாண்டியதும் டக் என்று முதல் விளக்கு எரிந்தது.

“ரெண்டு பொட்டப் புள்ளைங்க வெச்சினு கீறேன்டி எனுக்கு” என்றாள் லீலா. சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, லைனுக்குப் போனாள்.